கூண்டும் குணமும்

மிருகக்காட்சிச்சாலைக்கு வரும் கூட்டத்தைச் சற்று உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். சிங்கத்தின் முன்னே மக்கள் குரலடங்கி நிற்பர். யானையின் முன்னே வியந்து நிற்பர். பாம்பின் முன்னே முகஞ்சுளித்து விரைந்து கடப்பர். குரங்குகளின் முன்னேயோ நெடுநேரம் நின்று சிரிப்பர். கச்சான் கோதை எறிந்து பார்ப்பர். பல்லை இளித்துக் காட்டுவர். உடன் வந்தவருள் ஒருவரைச் சுட்டி, 'உன்னுடைய சொந்தக்காரர் கூப்பிடுகிறார்' என்று பகடி பேசுவர். எல்லா விலங்குகளையும் விட்டுக் குரங்கைக் கண்டு மட்டும் மனிதன் ஏன் இவ்வாறு சிரிக்கிறான்?

ஒற்றுமையே காரணம் என்பது எளிதாகக் கிடைக்கும் விடை. விரல்களைக் கொண்ட கை, முன்னோக்கிய கண்கள், மடியிற் குட்டியை அணைத்திருக்கும் தாய் என எல்லாம் எம்மை எமக்கே காட்டுகின்றன. ஆயின் ஒற்றுமை மட்டும் ஏளனத்தைப் பிறப்பிப்பதில்லை. குழந்தையின் முகத்திலே தன் சாயலைக் காணும் தாய் அதனை ஏளனஞ் செய்வதில்லை. உறவை ஒப்புக்கொள்ள மனமின்றியும், அதனை மறுக்க வகையின்றியும் இடைநடுவில் நிற்பவனே ஏளனமாகச் சிரிக்கிறான். அச்சிரிப்பினுள்ளே ஓர் அறவினா ஒளிந்திருக்கிறது. கம்பியின் இப்புறத்தில் நின்று பார்ப்பவன், அப்புறத்திலே காண்பதைக் கொண்டு அவ்வுயிரின் இயல்பை அறிந்துவிட்டதாகக் கூறலாமா? காண்பது இயல்பையா, கம்பியையா? இவ்வினா விலங்குகளோடு மட்டும் நின்றுவிடுவதன்று என்பதை இக்கட்டுரையிலே காட்ட விழைகிறோம்.

1838ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலண்டன் விலங்கியற் சங்கத்தின் தோட்டத்திலே ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றி வந்து இரண்டாண்டு நிரம்பாத சார்ள்ஸ் டார்வின் என்னும் இளைஞர், ஜெனி என்று பெயரிடப்பட்ட ஒராங்குட்டானை அங்கே கண்டார். காவலன் ஓர் அப்பிளைக் காட்டிக் கொடுக்காது மறைத்தான். ஜெனி மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, அடம்பிடிக்கும் குழந்தையைப் போல அழுதது. அழுகையை நிறுத்தினால் அப்பிள் கிடைக்கும் என்று காவலன் சொன்னான். ஜெனி பெரும்பாடுபட்டு அழுகையை அடக்கி, பழத்தைப் பெற்று, நாற்காலியில் அமர்ந்து தின்றது. டார்வின் இதனைத் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார். பின்னரும் அவர் அங்கே சென்றார். கூண்டினுள்ளே நுழைந்தார், கண்ணாடியைக் கொடுத்து அது என்ன செய்கிறதென்று பார்த்தார். 1871இல் வெளிவந்த மனிதனின் மரபுவழி பற்றிய நூலுக்கும், 1872இல் வெளிவந்த உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலுக்கும் இத்தகைய சந்திப்புக்கள் வித்திட்டன எனலாம்.

நான்காண்டுகளின் பின், 1842இல், அதே தோட்டத்திலே ஜெனி என்ற அதே பெயரைத் தாங்கிய வேறோர் ஒராங்குட்டானை விக்ரோறியா மகாராணி கண்டார். அது தேநீர் தயாரித்துப் பருகுவதைப் பார்த்த அவர், அது அஞ்சத்தக்க வகையில், மனத்துக்கு ஒவ்வாத வகையில் மனிதத்தன்மை உடையதாக இருக்கிறதென்று தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். இருவர் கண்டதும் ஒரே ஒற்றுமையைத்தான். ஒருவருக்கு அது விளக்கம் வேண்டிநிற்கும் உண்மையாகத் தோன்றியது. மற்றவருக்கு அவமானமாகத் தோன்றியது. அரியணையில் இருப்பவருக்கு உறவு என்பது எப்பொழுதும் சங்கடந் தருவதே.

எனினும் டார்வினையும் நாம் அளவுக்கு மிஞ்சிப் புகழ்தல் ஆகாது. ஜெனியைப் பார்த்த காலத்திலே அவர் தம் குறிப்பேட்டில் எழுதிய பகுதியொன்று உண்டு. அதில் மனிதனின் இறுமாப்பை அடக்கும்பொருட்டு ஒராங்குட்டானின் அறிவையும் பாசத்தையும் எடுத்துக்காட்டியவர், அதற்கு எதிரே நாகரிகமற்ற 'காட்டுமனிதனை' நிறுத்தி ஒப்பிட்டார். அடிமை முறையை மனமார வெறுத்தவர் அவர். ஆயினும் தென்னமெரிக்காவின் தென்கோடியிலே பசியோடும் குளிரோடும் வாழ்ந்த மக்களைக் கப்பலிலிருந்து இறங்கிவந்த கனவானின் கண்ணாலேயே கண்டார். குரங்கின் கூண்டினுள்ளே புகுந்து பார்க்கத் துணிந்தவருக்கு மனிதரின் வாழ்நிலையினுள்ளே புகுந்து பார்ப்பது அரிதாயிற்று. இம்முரண்பாடு தனியொருவருடையதன்று, அக்கால ஐரோப்பாவினுடையது.

உறவு என்னும் கருத்து மேனாட்டார் எமக்குக் கற்றுத் தந்ததென்று எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்திலே, கிளையில் வாழும் குரங்கின் குட்டிக்கு மகவு, பிள்ளை என்னும் பெயர்களும் உரியனவென்று கொள்கிறது. மனிதக் குழந்தைக்குரிய சொல்லைக் குரங்கின் குட்டிக்கு வழங்குவதிலே அன்றைய தமிழன் இழிவு எதனையும் காணவில்லை. குறுந்தொகையின் 69ஆம் செய்யுளிலே, கடுவன் இறந்துபட, மந்தியானது தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவிற் பாய்ந்து உயிர்விடுகிறது. தலைவியின் நிலையைத் தலைவனுக்கு உணர்த்தத் தோழி இக்காட்சியை எடுத்தாளுகிறாள். மனிதக் காதலின் ஆழத்துக்கு மந்தியின் துயரம் அளவுகோலாகிறது. அங்கே சிரிப்பு இல்லை.

ஆயின் பழமையைப் போற்றிவிட்டு அமைந்துவிடுவது முற்போக்காளர்க்கு அழகன்று. அதே மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, ஐயறிவுடையவற்றின் வரிசையில் விலங்குகளோடு 'மாக்கள்' என்போரையும் வைக்கிறது. விலங்குகளுள்ளும் ஒருசாரன ஆறறிவுடையன என்று ஒரு நூற்பா கூறும். அதற்கு உரைகண்ட இளம்பூரணர் கிளியையும் குரங்கையும் யானையையும் உதாரணங் காட்டுவர். கோடு இருபுறமும் திறந்திருக்கிறது. விலங்கு மேலே வரலாம், மனிதன் கீழே தள்ளப்படலாம். முன்னையது பெருமனத்தைக் காட்டுகிறது. பின்னையதோ ஆபத்தானது. யார் மக்கள், யார் மாக்கள் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அதே மரபியல் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்று வகுத்து அவரவர்க்கு உரியதை வரையறுப்பதையும் சேர்த்துப் படிப்போர்க்கு விடை விளங்கும்.

இனி, கூண்டு எதனைக் காட்டுகிறது என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு வரலாறு தெளிவான ஒரு சான்றைத் தந்திருக்கிறது. 1925இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையிலே 'குரங்குக் குன்று' என்று ஒன்றை அமைத்தார்கள். பாறைகளைக் கட்டியெழுப்பி, ஏறத்தாழ நூறு பபூன் குரங்குகளை அதிலே விட்டார்கள். எல்லாம் ஆண்களாக இருக்கவேண்டும் என்பது திட்டம். சில பெண்களும் கலந்துவிட்டன. பின்னர் மேலும் பெண்குரங்குகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். விளைந்தது கொடிய போர். பெண்ணைக் கைப்பற்ற ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. இழுபறியிலே பெண்களும் குட்டிகளும் மாண்டன. மக்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தனர். சொலி சக்கர்மன் என்னும் அறிஞர் அக்குன்றிலே கண்டவற்றையும் ஆதாரமாகக் கொண்டு 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். காமமும் ஆதிக்கப் போட்டியுமே குரங்குச் சமூகத்தைக் கட்டி வைத்திருப்பவை என்பது அவர் முடிபு. 'குரங்கே இப்படியாயின், அதன் வழிவந்த மனிதன் எப்படியிருப்பான்' என்று பேசுவோர்க்கு அது வாய்ப்பாயிற்று.

1960களிலே சுவிற்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் கும்மர் எதியோப்பியாவுக்குச் சென்று, அதே இனத்துப் பபூன்களை அவற்றின் சொந்த மலைகளிலே கவனித்தார். அங்கே கண்ட காட்சி வேறு. குரங்குகள் சிறு சிறு குடும்பங்களாகவும், குடும்பங்கள் கூட்டங்களாகவும், பல கூட்டங்கள் ஒரே பாறையில் உறங்கும் பெருந்திரளாகவும் வாழ்ந்தன. ஒரு குடும்பத்தின் பெண்ணை அறிமுகமான மற்றோர் ஆண் கவர முற்படுவது அரிது. ஆண் பெண்ணை அடக்கியாளும் கொடுமை அங்கும் உண்டு. காடு பொற்காலம் அன்று. ஆயின் குன்றிலே கண்ட கொலைக்களம் அங்கே அன்றாட வழக்கமாக இருக்கவில்லை. ஒன்றையொன்று அறியாத குரங்குகளைப் பல இடங்களிலிருந்து பிடித்து, தப்பியோட வழியில்லாத சிறு இடத்திலே, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தாத கணக்கிலே அடைத்தமையே அழிவுக்குக் காரணம். அறிஞர்கள் குரங்கின் குணம் என்று எழுதிவைத்தது கூண்டின் குணத்தை. கூண்டைக் கட்டியவன் தன் கைவேலையைப் பார்த்துவிட்டு, 'இயற்கை இத்தகையது' என்றான்.

இத்தவறு குரங்குகளோடு நின்றிருந்தால் அது விலங்கியலாரின் சிக்கலாக மட்டும் முடிந்திருக்கும். அது மனிதருக்கும் இழைக்கப்பட்டது. எம் நாட்டவருக்கும் இழைக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கார்ல் ஹகன்பேக் உலகெங்குமிருந்து விலங்குகளைப் பிடித்து விற்ற பெருவணிகர். 1874 முதல் அவர் விலங்குகளோடு மனிதரையும் கொண்டுவந்து காட்சிக்கு வைக்கத் தொடங்கினார். 1880களிலே இலங்கையிலிருந்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் யானைகளோடு ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பாரிஸ் நகரத்து விலங்குத் தோட்டத்திலே 1883இல் சிங்களவர் காட்சிப்பொருளாயினர். அவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது, ஊதியம் இருந்தது என்பர். ஒப்பந்தமும் ஊதியமும் இருந்தால் அவமானம் இல்லை என்று வாதிப்போர், எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கட்டிய வரலாற்றையும் அவ்வாறே நியாயப்படுத்திவிடுவர்.

கார்லின் சகோதரர், தாய் வேறாயினும் தந்தை ஒருவரேயான யோன் ஹகன்பேக், இலங்கையிலே குடியேறி இங்கிருந்து விலங்குகளை ஏற்றுமதி செய்தவர். 1920களின் இறுதியிலே அவர் தொடங்கிய விலங்குத் தோட்டமே இன்றைய தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் மூலம். அதனை நடத்திய கம்பனி கலைக்கப்பட்டபின் 1936இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. எம் பிள்ளைகள் சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கிக் குதூகலத்தோடு நுழையும் வாயிலுக்கு இத்தகைய ஒரு முன்வரலாறு உண்டு. காட்டப்படும் விலங்கும் காட்டப்பட்ட மனிதனும் ஒரே வணிகத்தின் சரக்குகளாக இருந்த காலம் அது.

இவ்வணிகத்தின் உச்சத்தை 1906ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் நியூயோர்க்கின் புரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலை கண்டது. கொங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டா பெங்கா என்னும் இளைஞரைக் குரங்குகளின் கட்டடத்திலே, ஓர் ஒராங்குட்டானோடு காட்சிக்கு வைத்தார்கள். கையிலே வில்லும் அம்பும் கொடுத்தார்கள். வெளியே ஒரு பலகை அவருடைய வயதையும் உயரத்தையும் நிறையையும், அவர் அம்மாதம் பிற்பகல்தோறும் காட்டப்படுவார் என்பதையும் அறிவித்தது. ஆயிரமாயிரமாகக் கூட்டம் திரண்டது. கூண்டிலிருந்து தோட்டத்தினுள் உலவ விட்டபோதும் மக்கள் அவரைத் துரத்தினர், குத்தினர், இடறி விழுத்தினர். அவர் எதிர்த்தார். உடனே, அவரை அடக்க முடியவில்லை என்று நிருவாகத்தார் முறையிட்டனர். குரங்குக் குன்றிலே நிகழ்ந்த தவறு இங்கே அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. மனிதனைச் சீண்டி, அவன் சினந்ததும், 'பார், இவன் குணம் இது' என்றார்கள்.

நியூயோர்க்கின் கறுப்பினத் திருச்சபைப் போதகர்கள் இக்கொடுமையை எதிர்த்து எழுந்தனர். தம் இனம் ஏற்கெனவே போதிய அளவு நசுக்கப்பட்டிருக்கிறது. தம்மில் ஒருவரைக் குரங்குகளோடு காட்சிக்கு வைப்பதும் வேண்டுமோ என்று கேட்டனர். அவர்களின் போராட்டத்தினாலேயே அம்மாத இறுதியில் ஒட்டா பெங்கா அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். ஆயினும் அவருக்குத் தாயகம் திரும்பும் வழி கிட்டவில்லை. வேர்ஜீனியாவிலே புகையிலைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த அவர், 1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் துப்பாக்கியால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரைக் காட்சிக்கு வைத்த சங்கத்தின் செயலாளராயிருந்த மடிசன் கிராண்ட், அதே 1916இல், வெள்ளையரின் ஒரு பிரிவினரே உயர்ந்த இனம் என்று வாதிக்கும் நூலை வெளியிட்டார். அந்நூல் ஜெர்மன் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அதன் சிந்தனை எங்கே சென்று முடிந்ததென்பதை உலகம் அறியும். அம்மிருகக்காட்சிச்சாலையை நடத்தும் சங்கம் ஒட்டா பெங்காவுக்கு இழைத்த அநீதிக்காக மன்னிப்புக் கேட்டது 2020ஆம் ஆண்டிலேதான்.

போதகர்களின் எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. ஆயின் அதன் உள்ளே இருந்த ஒரு வாதத்தை நாம் தயங்கித்தான் ஏற்கவேண்டியிருக்கிறது. குரங்குக்கும் மனிதனுக்கும் உறவு கற்பிப்பதே இழிவு என்று அவர்களுட் சிலர் கருதினர். அவர்கள் அவ்வாறு கருதியதன் காரணம் விளங்காததன்று. 'நீ குரங்குக்கு அண்மையில் இருக்கிறாய்' என்ற பொய்யே அவர்களை அடித்த சாட்டை. எனினும் அப்பொய்யிலே பொய்யாக இருந்தது 'குரங்கு' என்னும் சொல்லன்று. 'நீ மட்டும்' என்பதுதான். மனிதர் அனைவரும் குரங்குக்கு ஒரே அளவிலே உறவினர். 2005இல் சிம்பன்சியின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட அறிஞர்கள், ஒப்பிடத்தக்க பகுதிகளிலே அதற்கும் மனிதனுக்கும் எழுத்துக்கு எழுத்து உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.2 வீதமே என்று கண்டனர். அக்கணக்கிலே கொங்கோ நாட்டவருக்கு ஒன்று, நியூயோர்க் கனவானுக்கு வேறொன்று என்பது இல்லை. மனிதனின் மாண்பு குரங்கிலிருந்து அவன் எவ்வளவு தொலைவில் நிற்கிறான் என்பதிலே தங்கியிருக்குமாயின், அத்தொலைவை அளக்கும் கோலைக் கையில் வைத்திருப்பவன் எப்பொழுதும் சிலரைக் கிட்டே தள்ளிவிடுவான். ஆகவே சமத்துவத்துக்கு அக்கோலை நம்பியிருத்தல் கூடாது. கோலையே முறிக்கவேண்டும்.

இத்தனையும் தொலைதேசத்துக் கதையென்று எண்ணுவோர் எம்மிடையே இருத்தல் கூடும். அவர்கள் மலைநாட்டுக்கு ஒருமுறை சென்று வரட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிலே மூன்று தலைமுறையை அடைத்து வைத்தவர்கள், 'இவர்களுக்குச் சுத்தம் தெரியாது. படிப்பிலே நாட்டமில்லை' என்று பேசிவந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே குடியுரிமை பறிக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலே வாக்கும் இழந்து நின்ற மக்களைப் பார்த்து, 'அரசியல் உணர்வற்றவர்கள்' என்றார்கள். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. வடக்கிலோ, கிணற்றிலே நீர் அள்ள விடாமல் தடுத்தவர்களே 'அவர்கள் அழுக்கானவர்கள்' என்று சொன்னார்கள். தேநீர்க் கடையிலே புறம்பான பாத்திரத்தை நீட்டியவர்களே 'அவர்களுக்குப் பழக்கவழக்கம் தெரியாது' என்றார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. கூண்டைக் கட்டிவிட்டுக் குணத்தைப் பேசும் கலை எமக்கும் கைவந்த கலையே.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்திலே எமது வகுப்பறையையும் எண்ணிப்பார்த்தல் தகும். 'குரங்கே' என்று மாணவனை ஏசும் வழக்கம் எம் பாடசாலைகளிலே இன்றும் முற்றாக ஒழிந்தபாடில்லை. பசியோடு வந்து, கடைசி வாங்கிலே நெருங்கியடித்து அமர்ந்து, விளங்காத பாடத்தை நாற்பது நிமிடம் கேட்கவேண்டிய பிள்ளை ஓயாது அசைகிறான், பக்கத்திலிருப்பவனைச் சீண்டுகிறான். அவன் பெயருக்கு நேரே 'குழப்படிகாரன்' என்று எழுதிவிடுகிறோம். வாங்கைப் பற்றியோ பசியைப் பற்றியோ அவ்வறிக்கையிலே ஒரு சொல்லும் இடம்பெறுவதில்லை.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். 'மனிதனுக்கே சோறில்லாத நாட்டிலே குரங்குக்காக இரங்குவது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கு அல்லவா?' என்பர். தென்னங் குரும்பையையும் சோளத்தையும் குரங்குக் கூட்டத்துக்குப் பறிகொடுத்த விவசாயியின் முன்னே நின்று, அதன் உறவைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அவன் இழப்பு உண்மையானது; அதனை ஈடுசெய்யாது அவனுக்கு அறம் போதிப்பவன் கயவன். ஆயின் 2023இல் இந்நாட்டிலே முன்வைக்கப்பட்ட திட்டத்தை நினைத்துப் பாருங்கள். எமது நாட்டுக்கே உரியதும், தலையிலே தொப்பி வைத்தாற்போல் மயிர் வளர்ந்ததும், சிங்களத்தில் 'றிலவா' எனப்படுவதுமான குரங்கினத்தில் ஓரிலட்சத்தைச் சீனாவின் மிருகக்காட்சிச்சாலைகளுக்கென அனுப்பப்போவதாகக் கூறப்பட்டது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன, திட்டம் கைவிடப்பட்டது. காடழிந்ததேன், குரங்கு தோட்டத்துக்கு வந்ததேன், விவசாயிக்கு நட்டஈடு கிடைக்காததேன் என்னும் வினாக்களுக்கு அத்திட்டத்திலே விடை இருக்கவில்லை. நாடு கடனிலே மூழ்கியிருந்த வேளையில், குரங்கும் ஒரு சரக்காகத் தோன்றியது. விவசாயியின் கண்ணீரும் குரங்கின் கூண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. இரண்டையும் விளைவிப்பது நிலத்தையும் உயிரையும் இலாபக் கணக்காக மட்டும் காணும் ஒரே பார்வை.

மற்றொரு தடையும் உண்டு. 'மிருகக்காட்சிச்சாலை இல்லையேல் எம் பிள்ளைகள் ஒராங்குட்டானை எங்கே காண்பர்? அழியும் இனங்களை யார் காப்பர்?' இதிலே உண்மை இல்லாமல் இல்லை. பிரேசில் நாட்டின் பொற்சிங்கக் குரங்கு அழிவின் விளிம்பிலே நின்றபோது, மிருகக்காட்சிச்சாலைகளிலே வளர்க்கப்பட்டவற்றை 1984 முதல் காட்டிலே கொண்டுசென்று விட்டார்கள், இனம் பிழைத்தது. அது காப்பது. காட்டுவது வேறு. இலண்டனிலே 1926 முதல் 1972 வரை சிம்பன்சிகளை மேசையைச் சுற்றி இருத்தித் தேநீர் விருந்து நடத்தினார்கள். அதனைக் கண்ட பிள்ளைகள் சிம்பன்சியைப் பற்றி எதனையும் கற்கவில்லை; சிரிக்க மட்டுமே கற்றார்கள். 1907இலே ஹகன்பேக் கம்பிகளை அகற்றி அகழிகளை அமைத்தார். பார்ப்பவனின் கண்ணுக்குக் கம்பி மறைந்தது. உள்ளே இருந்த விலங்குக்கு எல்லை மறையவில்லை. சீர்திருத்தம் யாருடைய மனச்சாட்சியைச் சாந்தப்படுத்துகிறது, யாருடைய வாழ்வை மாற்றுகிறது என்று பிரித்தறிய வேண்டும். இது பிற சீர்திருத்தங்களுக்கும் பொருந்தும்.

வேறொரு வழியும் இருக்கிறதென்பதை ஆர்ஜென்ரீனாவிலே கண்டோம். சான்ட்ரா என்னும் ஒராங்குட்டான் 1986இல் ஜெர்மன் மிருகக்காட்சிச்சாலையொன்றிலே பிறந்தது, காட்டையே கண்டதில்லை. புவனஸ் அயர்சில் ஆண்டுக்கணக்காகத் தனித்து அடைபட்டிருந்த அதன் சார்பிலே வழக்குத் தொடரப்பட்டது. 2014இலும் 2015இலும் வெளியான தீர்ப்புகள், மனிதரல்லாத ஆள் என்ற நிலையிலே அதற்கு உரிமைகள் உண்டென்று ஏற்றன. 2016இல் அம்மிருகக்காட்சிச்சாலை மூடப்பட்டது. 2019இல் சான்ட்ரா அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள புகலிடமொன்றுக்கு அனுப்பப்பட்டது. அங்கும் எல்லை உண்டு. ஆயினும் தன்னினத்தோடு கூடி வாழ இடமுண்டு. நீதிமன்றங்கள் ஒரு குரங்கின் குரலைக் கேட்டதனால் எந்த மனிதனும் சிறுமையுறவில்லை.

மனிதக்குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு யாதென்பதை எங்கெல்ஸ் 1876இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கையும் கருவியும் கூட்டுழைப்புமே மனிதனை ஆக்கின என்பது அதன் சாரம். அதன் பின்னர் அறிவு வளர்ந்திருக்கிறது. 1960இல் ஜேன் குடால், இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் கோம்பேக் காட்டிலே, சிம்பன்சிகள் குச்சியின் இலைகளை உருவி எறிந்து, அதனைக் கறையான் புற்றினுள்ளே செலுத்தி, கறையானை வெளியே எடுத்துத் தின்பதைக் கண்டார். கருவி செய்தல் மனிதனுக்கு மட்டும் உரியதென்ற எல்லை அன்று தளர்ந்தது. 2025இல் அவர் மறையும்போது, சிம்பன்சிகளுக்கும் தனித்தனிக் குணமும் நட்பும் துயரமும் உண்டென்பதை ஐயுறுவோர் அருகிவிட்டனர். கூண்டுக்கு வெளியே சென்று, பொறுமையோடு பல்லாண்டு அமர்ந்திருந்தவரே குரங்கின் குணத்தைக் கண்டார் என்பதை மறத்தலாகாது. எங்கெல்சின் கருத்தினது உயிர்நாடி இதனால் அழியவில்லை. கூட்டுழைப்பின் வழியே தன் வாழ்நிலையைத் தானே மாற்றியமைக்கும் ஆற்றல் மனிதனிடத்திலேயே இவ்வளவு ஓங்கி வளர்ந்தது. பிற உயிர்க்குக் கூண்டு கட்டவும் அவனால் முடியும். கட்டியதைத் திறக்கவும் அவனால் முடியும். குரங்கினின்று அவனை வேறாக்குவது மேன்மை என்பதைவிடப் பொறுப்பு என்பதே பொருந்தும்.

ஆகவே, அடுத்த தவணையிலே மாணவரைத் தெகிவளைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு எமது வேண்டுகோள் சிறியது. குரங்குகளின் முன்னே பிள்ளைகளைச் சிறிதுநேரம் பேசாது நிற்கச் செய்யுங்கள். 'இது என்ன செய்கிறது?' என்ற வினாவோடு அமையாது, 'இது எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்? இந்த இடத்திலே வேறென்ன செய்ய இதனால் முடியும்?' என்றும் கேட்கச் செய்யுங்கள். விடைகளை அப்பியாசக் கொப்பியிலே எழுதட்டும். திரும்பிவரும் வழியிலே பேருந்து ஒரு சேரியைக் கடக்கும். ஒரு சிறைச்சாலையின் மதிலைக் கடக்கும். மலைநாட்டுப் பாடசாலையாயின் லயன் வரிசைகளையும் கடக்கும். அங்கே வாழ்வோரைப் பற்றி ஏற்கெனவே கேட்ட தீர்ப்புகள் பிள்ளைகளின் மனத்திலே இருக்கும். அப்பொழுதும் அதே மூன்று வினாக்களையும், அதே ஒழுங்கிலே, கேட்கச் சொல்லுங்கள்.